ஆட்டுக் குப்பையா, மாட்டுக் குப்பையா

நெல்லிப்பாறை,
8.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மலைக்கு வந்து சேர்ந்துவிட்டேன். இங்கே குளிர், அங்கே வெயில். இரண்டிலும் நாம் நன்றாக இருப்போம் என்று நம்புகிறேன். அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அம்மா சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிறாளா என்று பார்த்துக்கொள்.

துணை சுகாதார நிலையம் என்பது ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு தராசு. அதை ஒட்டி எனக்கு ஒரு குடியிருப்பு. டவர் கிடையாது. பின்னாலுள்ள பாறை மேல் ஏறி நின்றால் போனில் ஒரு கோடு வரும், ஹலோ சொன்னதும் போய்விடும். கத்திப் பேசினால் உனக்குக் கேட்காது, ஊருக்குக் கேட்கும். அதனால் கடிதம்தான். பஸ் கண்டக்டர் வாங்கிக் கொண்டுபோய் வெள்ளிமலையில் தபாலில் சேர்க்கிறார்.

பக்கத்து வீடு மாயவன், அவர் மனைவி இருசம்மாள். முதல் நாளே இருசம்மாள் கேட்டாள்: "நர்சம்மா, நீயாவது தங்குவியா? போன நர்சு மூட்டையே பிரிக்கல. வந்த பஸ்ஸுலயே மனசு போய்க்கினு இருந்துது." நான் அவள் கண் முன்னாலேயே மூட்டையைப் பிரித்தேன்.

அவர்களுக்கு இரண்டு ஏக்கர். நிபந்தனைப் பட்டா. விவசாயம் செய்கிறவரை நிலம் அவர்களுடையது. வேறு எதற்குப் பயன்படுத்தினாலும் அரசாங்கம் திருப்பி எடுத்துக்கொள்ளும். மண் செத்துவிட்டது, மரவள்ளி விரல் பருமன்கூட வரவில்லை என்கிறார் மாயவன். ஆனாலும் ஆள் குஷியாக இருக்கிறார். கோடையில் கீழேயிருந்து யாரோ அதிகாரி வந்து, இலவசமாக எரு கொண்டுவந்து கொட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறாராம். நல்ல அதிகாரிகளும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

அப்பா அம்மாவுக்கு என் முத்தம்.

உன் தங்கை,
டயானா


கூவனேரி,
20.6.2025

அன்பு டயானாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம். அப்பா முழங்காலோடு சண்டை போட்டுக்கொண்டே கோயிலுக்குப் போய் வருகிறார். உன்னைத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்.

உன் அண்ணன் இப்போது ஊரில் பிரபலம். துப்புரவு ஆய்வாளர் என்று ஒருத்தன் பேரூராட்சியில் இருக்கிறான் என்பதே இப்போதுதான் கூவனேரிக்குத் தெரிகிறது. தெருவில் கொட்டினால் அபராதம், கால்வாயில் கொட்டினால் இரண்டு மடங்கு. போன வாரம் கல்யாண மண்டப முதலாளி பாவாடை என்னிடம் மாட்டிக்கொண்டார். எச்சில் இலையை அப்படியே பள்ளிக்கூடச் சுவர் ஓரம் தள்ளியிருந்தார்.

"நான் யாருன்னு தெரியுமா?" என்றார்.

"தெரியும் சார். எலை கொட்டின ஆளு" என்றேன்.

கூட்டமே சிரித்தது. பணம் கட்டிவிட்டுத்தான் போனார்.

அதைவிடப் பெரிய விஷயம், ஏரிக்கரைக் குப்பைக் கிடங்கு காலியாகப் போகிறது. இருபது வருடமாக எரிந்துகொண்டிருந்த மலை. ஆய்வுக் குழு வருவதற்குள் தரை தெரிய வேண்டும் என்று உத்தரவு. செயல் அலுவலர் முழுப் பொறுப்பையும் என்னிடம் கொடுத்துவிட்டார். பதவி உயர்வுக்கு என் பெயரை எழுதுவதாகவும் சொல்லியிருக்கிறார்.

நெல்லிப்பாறைக்கா போட்டார்கள்? கரியாலூர்ப் பக்கம், சேராப்பட்டுப் பக்கம் எதுவும் காலி இல்லையா? உடனே மாறுதலுக்கு எழுதிப் போடு. நானும் ஆள் பார்க்கிறேன். அது உனக்குச் சரிப்படாது.

அன்புடன்,
எட்வின்


நெல்லிப்பாறை,
11.7.2025

அண்ணனுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் மூவரும் நலமாக இருங்கள்.

சரிப்படாது என்று எதைவைத்து எழுதினாய்? நீ இந்த ஊரைப் பார்த்ததே இல்லையே. சரி, அது இருக்கட்டும்.

திங்கட்கிழமை காலை டிப்பர்கள் வந்தன. எரு வருகிறது என்று ஊரே ஓடியது. மாயவன் புது வேட்டி கட்டியிருந்தார். இருசம்மாள் டிரைவருக்குக் கொடுக்க ஒரு சொம்பு மோர் வைத்திருந்தாள். டிப்பர் முதுகைத் தூக்கியது. விழுந்தது எரு இல்லை. பாலிதீன், குழந்தைகளுக்குக் கட்டுகிற டயப்பர், கறிக்கடைக் கழிவு, உடைந்த பாட்டில், ஊசி. ஊசி போடுகிறவள் நான். அது எங்கிருந்து வந்தாலும் எனக்குத் தெரியும்.

"இன்னாய்யா இது?" என்று இருசம்மாள் கத்தினாள்.

"நீங்க கேட்டதுதான், ஆத்தா" என்று சொல்லிவிட்டு டிரைவர் அடுத்த டிப்பருக்கு வழி விட்டான்.

வழி மறித்தோம். அதற்குள் பாதி நிலம் மூடிவிட்டது. நாற்றத்தில் மாடு தண்ணீர் குடிக்கவில்லை. நிலத்துக்குக் கீழ்ச் சரிவில்தான் ஊர் குடிக்கிற ஊற்று இருக்கிறது.

காற்றில் ஒரு மிட்டாய்க் கடைப் பை பறந்து வந்து என் வாசலில் ஒட்டிக்கொண்டது. கூவனேரி என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது. நீ அம்மாவுக்குத் தெரியாமல் அப்பாவுக்கு அல்வா வாங்கி வருவாயே, அந்தக் கடை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஏரிக்கரை மலை எங்கே போனது?

டயானா


கூவனேரி,
2.8.2025

அன்பு டயானாவுக்கு,

சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது.

கழிவை எடுத்துப்போவது கான்ட்ராக்டரின் பொறுப்பு. பிரித்து, மக்கவைத்து, விருப்பமுள்ள விவசாயிகளுக்கு உரமாகக் கொடுப்பது என்றுதான் ஏற்பாடு. கான்ட்ராக்டர் எங்கேயாவது தவறு செய்திருந்தால் விசாரிக்கிறேன். ஆய்வுக் குழு வந்து பார்த்துவிட்டுப் பாராட்டிவிட்டுப் போனது. வேலை அதிகம்.

மாறுதல் விஷயம் என்ன ஆனது? ஊற்றுத் தண்ணீரைக் குடிக்காதே.

எட்வின்


நெல்லிப்பாறை,
19.8.2025

அண்ணனுக்கு,

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஊற்றுத் தண்ணீரைக் குடிக்காதே என்று எனக்கு எழுதினாய். ஊருக்கும் நீயே எழுதிவிடு, நான் படித்துக் காட்டுகிறேன்.

சட்டம் ஒருவழியாக மலை ஏறி வந்துவிட்டது. தாலுகா ஆபீஸ்காரர்கள் ஜீப்பில் வந்தார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். இனி கொட்டியவனைப் பிடிப்பார்கள் என்று நான் பக்கத்திலேயே நின்றேன். நோட்டீஸ் மாயவனுக்கு வந்திருக்கிறது. விவசாயத்துக்குக் கொடுத்த நிலத்தைக் கழிவு கொட்ட விட்டது குற்றமாம். பட்டாவை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று கள்ளக்குறிச்சிக்கு வந்து பதில் சொல்ல வேண்டுமாம். டிப்பருக்கு நோட்டீஸ் இல்லை. கான்ட்ராக்டருக்கு இல்லை. கூவனேரிக்கு இல்லை. கொட்டப்பட்டவனுக்குத்தான்.

மறுநாள் கான்ட்ராக்டரின் ஆள் ஒருவன் பைக்கில் வந்தான். "பெருசு, வம்பு பண்ணாத. நீயே சம்மதிச்சதுக்கு வீடியோ இருக்குது" என்று செல்போனைக் காட்டினான். நானும் பார்த்தேன். மாயவன் நிலத்து வரப்பில் நிற்கிறார். கேள்வி கேட்கிறவர் முகம் தெரியவில்லை, குரல் மட்டும்.

"பெரியவரே, உங்க நெலத்துல குப்பை கொட்டிக்கலாமா?"

மாயவன் முகமெல்லாம் பல். "கொட்டுங்க சாமி, எவ்ளோ வேணாலும் கொட்டுங்க! வரப்பு வழியக் கொட்டுங்க!"

வீடியோ அதோடு முடிந்தது. மாயவன் அவனைப் பார்த்தார். "அதுக்கப்புறம் நான் ஒன்னு கேட்டனே, அது எங்கப்பா?"

"இன்னா கேட்ட?"

"ஆட்டுக் குப்பையா, மாட்டுக் குப்பையான்னு கேட்டேன். எல்லாம் கலந்துதான் வரும்னு அந்த சாரு சொன்னாரே."

பைக்கில் வந்தவன் வண்டி மேலேயே குனிந்து குனிந்து சிரித்தான். இருசம்மாள் விளக்குமாற்றை எடுத்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

உனக்குப் புரிகிறதா? நிலத்தில் கொட்டுகிற குப்பை என்றால் இவர்களுக்கு எரு. வேறு அர்த்தமே இல்லை. இவர்களுக்கு மட்டுமா? அப்பா கூலிக்கு வயலில் குப்பை அடிக்கப் போன காலத்தில் எதைக் கூடையில் சுமந்தார் என்று அவரிடமே கேள்.

அந்தக் குரலை நான் இரண்டு முறை கேட்டேன். மூன்றாவது முறை போட்டுக் காட்டுகிறேன் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

டயானா


நெல்லிப்பாறை,
14.9.2025

அண்ணனுக்கு,

உன் பதில் வரவில்லை. கண்டக்டர் தொலைத்திருப்பார் என்று நினைக்க முயன்றேன். அவர் இதுவரை எதையும் தொலைத்ததில்லை. வீட்டில் எல்லோரும் சுகம் என்று நானே வைத்துக்கொள்கிறேன்.

மழை பெய்தது. ஊற்றுக்குப் போகிற ஓடையில் கறுப்பாக இறங்கியது. வயிற்றுப்போக்கு என்று தினமும் ஆட்கள் வருகிறார்கள். ஒரே கட்டிலில் இரண்டு பேரைப் படுக்க வைக்கிறேன். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் தீர்ந்துவிட்டது, வீட்டுச் சர்க்கரையைக் கலக்குகிறேன். இப்போது குடிதண்ணீர் எடுக்க, மேலே இருக்கிற பாறைச் சுனைக்கு ஏறுகிறோம்.

விசாரணை அக்டோபர் கடைசியில். மாயவன் தூங்குவதில்லை. "எங்கப்பன் இந்தப் பட்டாவுக்கு அலைஞ்சே செத்தான். நான் ஒரு வார்த்தையில தொலைச்சுட்டனே நர்சம்மா" என்கிறார். இருசம்மாள் அவரை விடுவதில்லை: "வெள்ளச் சட்டையப் பாத்தா பல்ல காட்டுவியே! இப்போ காட்டு."

பிறகு என்னிடம் திரும்பி, "அந்த சாரு நல்லவராத்தான் தெரிஞ்சாரு. எங்க வூட்டுல தண்ணி வாங்கிக் குடிச்சாரு. என் தங்கச்சியும் நர்சுதான்னு சொன்னாரு" என்றாள்.

நான் பெயர் கேட்கவில்லை. உன்னையும் நான் எதுவும் கேட்கவில்லை.

டயானா


கூவனேரி,
25.9.2025

டயானாவுக்கு,

இங்கே சுகம். உன் இரண்டு கடிதமும் கிடைத்தன.

நீ மேலே நின்று எழுதுகிறாய். கீழே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள். என் ஆட்கள் கையுறை இல்லாமல் அள்ளுகிறார்கள். கேட்டால் நிதி இல்லை. ஏரிக்கரை எரிந்தபோது பக்கத்துக் காலனிப் பிள்ளைகள் ராத்திரி பகல் இருமின. அங்கேயிருந்து எடு என்று உத்தரவு போட்டார்கள். எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று எந்த உத்தரவிலும் எழுதவில்லை. எடுக்காவிட்டால் என் வேலை போகும். எடுத்தால், எங்கே போட்டாய் என்று இப்போது என் தங்கை கேட்கிறாள்.

விசாரணைக்குப் பேரூராட்சி சார்பில் நானும் வர வேண்டும். நில உடைமையாளர் முழு விருப்பத்தோடு சம்மதித்தார் என்று வாக்குமூலம் தயாராக அடித்து வைத்திருக்கிறார்கள். கையெழுத்துதான் பாக்கி. சட்டப்படி சம்மதம் சம்மதம்தான். குப்பை என்றால் என்னவென்று ஒரு மனுஷனுக்குத் தெரியாது என்று எந்த அதிகாரி நம்புவார்?

அப்பாவிடம் கேட்கச் சொன்னாய். கேட்கவில்லை.

எட்வின்


நெல்லிப்பாறை,
4.10.2025

அண்ணனுக்கு,

இங்கே பேதி வார்டு மாதிரி இருந்த என் அறை காலியாகிவிட்டது. சுனைத் தண்ணீர் வேலை செய்கிறது. நீயும் தைரியமாக இரு.

காலனிப் பிள்ளைகள் இருமினார்கள் என்றாய். உண்மை. அதற்கு மருந்து மலைப் பிள்ளைகளுக்குப் பேதி வரவைப்பதா? பள்ளத்தில் இருக்கிற ஏழையிடமிருந்து எடுத்து மேட்டில் இருக்கிற ஏழை மேல் கொட்டுவதற்கு ஓர் அலுவலகம், ஒரு முத்திரை, ஒரு ஜீப்பு. பாவாடை மண்டபத்துக்குப் பின்னால் காலி மனை இருக்கிறதே, அங்கே ஏன் யாரும் செல்போனை நீட்டிச் சம்மதம் கேட்கவில்லை?

மாயவனுக்குக் குப்பை என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். சம்பளம் வாங்குகிற நமக்குத்தான் மறந்துவிட்டது.

அக்டோபர் இரண்டாம் தேதி கிராம சபை கூடியது. இவ்வளவு கூட்டத்தை நான் இங்கே பார்த்ததில்லை. கொட்டியதை எடு, பட்டாவைத் தொடாதே என்று தீர்மானம். ஊராட்சிச் செயலர், "நெல்லிப்பாறையில் கொட்டப்பட்ட குப்பையை" என்று எழுத ஆரம்பித்தார். இருசம்மாள் எழுந்துவிட்டாள்.

"யோவ், அந்த வார்த்தைய எழுதாத. அதாலதான் வந்துது வெனை."

"வேற இன்னான்னு எழுதறது?"

ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். பாதியைக் காகிதத்தில் எழுத முடியாது. செயலரே சிரித்துவிட்டார். கடைசியில் "கூவனேரிக் கழிவு" என்று எழுதினார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. உன் ஊருக்கு இங்கே இப்போது அதுதான் பெயர்.

விசாரணை அன்று எனக்குத் தடுப்பூசி முகாம். வர முடியாது. மாயவனும் இருசம்மாளும் மட்டும் வருகிறார்கள். கள்ளக்குறிச்சியில் அவர்களுக்கு ஒருவரையும் தெரியாது. உன்னைத் தவிர.

டயானா


கூவனேரி,
30.10.2025

அன்பு டயானா,

அப்பா, அம்மா சுகம். நான் மூன்று மாதத்துக்குப் பிறகு இன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

அவர்கள் எனக்கு முன்பே வந்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் மாயவன் எழுந்து கும்பிட்டார். இருசம்மாள் எழவில்லை.

விசாரணை அதிகாரி ஓர் அம்மா. அதிகம் பேசவில்லை. எங்கள் வக்கீல் வீடியோவைப் போட்டார்.

"இது நீங்கதானே?" என்றார் அதிகாரி.

"நான்தாங்கம்மா."

"குப்பை கொட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேங்க."

வக்கீல் காகிதங்களை அடுக்க ஆரம்பித்துவிட்டார். அவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன்.

"ஆனா இன்னும் கொட்டலியேம்மா" என்றார் மாயவன்.

"என்னது?"

"குப்பைதான் கொட்டச் சொன்னேன். இன்னும் ஒரு கூடைகூட வரல. வேற இன்னாத்தையோ கொட்டிட்டுப் போய்ட்டாங்க. அத எடுத்துக்கினு, சொன்னபடி குப்பையக் கொண்டாரச் சொல்லுங்க."

அவர் வாதம் செய்யவில்லை, டயானா. நிஜமாகவே கேட்டார். ஓரத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி அவளைப் பார்த்ததும், "எங்க ஊர்லயும் எருவைக் குப்பைன்னுதாங்க மேடம் சொல்லுவாங்க" என்றாள்.

"சமாளிக்கிறார், மேடம்" என்றார் வக்கீல்.

அதிகாரி வீடியோவை மறுபடி போடச் சொன்னார். "கேள்வி கேட்டது யார்?"

என் மேல்சட்டைப் பையில் அந்த வாக்குமூலம் இருந்தது. செயல் அலுவலர் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் மேடம்."

"நீங்க எதைச் சொன்னீங்க?"

"ஊர்க் கழிவை."

"அவர் எதைப் புரிஞ்சுக்கிட்டார்?"

"எருவை. ஆட்டுக் குப்பையா, மாட்டுக் குப்பையான்னு அவர் கேட்டார். அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எல்லாம் கலந்துதான் வரும்னு சொன்னேன். அந்த இடம் வர்றதுக்குள்ள வீடியோவ நிறுத்திட்டாங்க."

பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது. நான் திரும்பவில்லை.

உத்தரவு அங்கேயே சொன்னார்கள். பட்டா மேல் நடவடிக்கை இல்லை. கழிவைப் பேரூராட்சி தன் செலவில் முழுதாக எடுக்க வேண்டும். எடுத்ததை எங்கே பிரித்து எங்கே சேர்த்தோம் என்று எழுத்தில் காட்ட வேண்டும். கான்ட்ராக்டர் மேல் வழக்கு.

வெளியே வந்ததும் பஸ் ஸ்டாண்டுவரை கொண்டுவிடுகிறேன் என்றேன். "வழி தெரியும்" என்று சொல்லிவிட்டு இருசம்மாள் முன்னால் நடந்துவிட்டாள். மாயவன் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். இந்த முறை கும்பிடவில்லை.

அன்புடன்,
எட்வின்


நெல்லிப்பாறை,
16.11.2025

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லோரும் சுகம். இந்த வாக்கியத்தை நீண்ட நாளைக்குப் பிறகு முழு மனதோடு எழுதுகிறேன்.

டிப்பர்கள் வந்துவிட்டன. கையுறை, பூட்ஸ், முகமூடி இல்லாத ஆளை நிலத்தில் இறங்க விடமாட்டோம் என்று மறித்தோம். சூப்பர்வைசர் குதித்தான். "கூவனேரியில இதெல்லாம் பழக்கமில்ல" என்றான். "இங்க பழகிக்கோ" என்றாள் இருசம்மாள். வண்டி திரும்பிப் போய் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தது. உன் ஆட்கள் கையில் கையுறை போட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அதில் ஒரு பெண் என்னிடம், "அந்த ஆய்வாளர் சார் இத எழுதி எழுதிக் கேட்டாரு, குடுக்கல. நீங்க வழியில நின்னீங்க, குடுத்துட்டாங்க" என்றாள்.

மேலாக இருந்ததெல்லாம் போய்விட்டது. மண்ணுக்குள் போன கண்ணாடிச் சில்லும் ஊசியும் போகவில்லை. உத்தரவில் "முழுதாக" என்று இருக்கிறதாம்; டிப்பருக்கு முழுசு என்றால் ஜேசிபி வாளியில் வருவது மட்டும்தான். மீதியை நாங்கள் கையால் பொறுக்குகிறோம். பாதி நிலத்திலாவது இந்தப் பட்டத்தில் மரவள்ளிக் குச்சி நட்டுவிடுவது என்று மாயவன் முடிவு செய்துவிட்டார்.

உன்னைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள் என்று அம்மா எழுதியிருக்கிறாள். நீ எழுதவில்லை. இனிமேலாவது எனக்கு நீயே எழுது.

இன்னொன்று. மாயவன் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார். நன்றி சொல்ல இல்லை, திட்டுவதற்கு. "சர்க்கார் எடத்துல வெச்சுத் திட்டினா மரியாதையா இருக்காதுன்னு வாய மூடிக்கினு வந்துட்டேன். அந்தாளு என் வரப்புல வந்து நிக்கட்டும்" என்கிறார். நான் உன் தங்கை என்பது அவர்களுக்கு எப்போதோ தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வா, அண்ணா. வந்து திட்டு வாங்கிக்கொள்.

உன் தங்கை,
டயானா


கூவனேரி,
24.11.2025

அன்பு டயானா,

சுகம். சஸ்பெண்ட் ஆனவனுக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கும். வேளைக்குச் சோறு, மதியம் தூக்கம். அலுவலகத்தின் நற்பெயரைக் கெடுத்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். அதிகாரி கேட்டார், உள்ளதைச் சொன்னேன் என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். என் சஸ்பெண்ட் வழக்கு நடக்கட்டும். நான் ஜெயிப்பேன்.

மலையிலிருந்து இறங்கிய டிப்பர்கள் முதலில் ஏரிக்கரைக்குத்தான் திரும்பின. காலனிப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் வழியில் நின்றேன். பதவி இல்லாமல் நிற்பது சுலபமாக இருக்கிறது. ஒன்றரை வருடமாகப் பூட்டிக் கிடந்த பேரூராட்சி உரக் கூடத்தின் பூட்டை அன்றே திறந்தார்கள். இப்போது அங்கே பிரிக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடித்ததும் பஸ் ஏறுகிறேன். நல்ல தடிமனான கையுறை நாலு ஜோடி வாங்கியிருக்கிறேன். மாயவனிடம் சொல், அவர் திட்ட வேண்டியதையெல்லாம் கண்ணாடி பொறுக்கிக்கொண்டே திட்டலாம். நான் பக்கத்து வரிசையில்தான் குனிந்திருப்பேன், எல்லாம் நன்றாகக் கேட்கும்.

அன்புடன்,
எட்வின்